போகலாம் என்று சொல்லாத படகு

கஸப்
12 ஜனவரி 2009

தங்கை ஸலாமாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். சொல்வது உன் அண்ணன் கல்ஃபான். எழுதுவது துறைமுகத்து டீசல் பம்பில் இருக்கும் தர்வீஷ்.

உன்னோடு வாய் திறந்து பேசமாட்டேன் என்று படகுத்துறையில் நான் இட்ட ஆணை அப்படியே இருக்கிறது. நீ மூன்று முறை போன் செய்தாய், எடுக்கவில்லை. ஆனால் ஆணை பேச்சுக்குத்தான், எழுத்துக்கு இல்லை. நான் இப்போது பேசுவது தர்வீஷோடு. அவன் எழுதுகிறான், நீ வாசிக்கிறாய். "இதெல்லாம் செல்லுமா, பெரியவரே?" என்று கேட்கிறான். "டீசல் ஊத்துறவன் டீசலைப் பாரு" என்று சொல்லியிருக்கிறேன்.

அன்றைக்கு நடந்ததை நீ மறந்திருப்பாய். நான் மறக்கவில்லை. டிசம்பர் பதினெட்டு, வியாழன். அந்தி மஃரிப் தொழுது முடித்து, துறையில் விளக்குப் போட்டிருந்தார்கள். உன் பஸ் கொண்டுவந்த ஜெர்மன்காரர்கள் இருபத்திரண்டு பேரையும் பத்திரமாக இறக்கிவிட்டேன். நீ பஸ் வாசலில் இடது முழங்காலைப் பிடித்துக்கொண்டு நின்றாய். உன் டிரைவர், ஆடு இறக்க வந்த ஈரான்காரர்கள் நாலு பேர், இந்த தர்வீஷ், எல்லாரும் பார்க்கக் கத்தினாய். "இது படகா, கல்யாணப் பந்தியா? சோறு போட்டுப் போட்டே என் பிழைப்புல மண்ணப் போட்டுட்டியே, கிழவா!" சோறு போட்டதற்காக ஒரு ஷிஹ்ஹி குலத்து ஆண்பிள்ளையை வைத தங்கை இந்த மலைநாட்டில் நீ ஒருத்திதான்.

அவர்கள் விமானத்தைத் தவறவிட்டதற்கு நான் என்ன செய்வேன்? ஒருத்தராவது போகலாம் என்று சொல்லியிருந்தால் அந்த நிமிஷமே படகைத் திருப்பியிருப்பேன். யாரும் சொல்லவில்லை. என் பாயில் உட்கார்ந்து என் மீனைத் தின்கிறவனிடம், நேரமாகிவிட்டது எழுந்திரு என்று நானா சொல்வேன்?

இருக்கட்டும். எழுதச் சொன்ன காரியம் வேறு. உன் பஸ் வந்து இருபத்தைந்து நாள் ஆகிறது. துறையில் பதினாலு படகு சும்மா கட்டிக்கிடக்கிறது. ஈரான் பக்கத்துக் கேஷ்ம் தீவு யூனுஸ் தினமும் வந்து என் படகின் பலகையைத் தட்டிப் பார்த்துவிட்டுப் போகிறான். ஆடு ஏற்ற வேண்டுமாம். மார்ச் முடிவதற்குள் பதில் சொல்லச் சொல்லியிருக்கிறான். உன் பஸ் இனி வருமா, வராதா? வராது என்றால் படகை ஆட்டுக்குக் கொடுத்துவிடுவேன். அதை மட்டும் எழுது.

கல்ஃபான்


ராஸ் அல் கைமா
20 ஜனவரி 2009

அபூ சயீத் அவர்களுக்கு,

அண்ணா என்று எழுதினால் உங்கள் ஆணைக்கு ஏதாவது பழுது வந்துவிடுமோ என்று பயந்து, மகன் பெயரைச் சொல்லி அழைக்கிறேன். மீன் லாரியில் கடிதம் அனுப்பாதீர்கள். பிரித்ததும் பூனை வந்துவிட்டது.

பஸ் வருமா என்று கேட்டிருக்கிறீர்கள். இரண்டு பஸ்ஸில் ஒன்றை விற்றுவிட்டேன். மற்றது வாசலில் நிற்கிறது, அதன் நிழலில் கோழி படுத்திருக்கிறது. துபாயில் பாதி கட்டிய கட்டிடங்களின் மேல் கிரேன் எல்லாம் அசையாமல் நிற்கிறது. இங்கே ஒரு பெரிய ஹோட்டலில் மூன்று மாடியைப் பூட்டி விளக்கணைத்துவிட்டார்கள். ஐரோப்பாவில் வேலை போன மனிதன் கடல் பார்க்கவா வருவான்?

முக்கியமானது இது. மார்ச் பதினைந்தாம் தேதி இங்கே ஹோட்டல்காரர்கள் கூட்டம். அடுத்த குளிர்காலத்துக்கான பட்டியலில் எந்தப் பயணம் இருக்கும், எது போகும் என்று அன்றைக்கு முடிவாகும். எண்களைப் பார்த்து யோசனை சொல்ல ஓர் ஆங்கிலேயரை வரவழைத்திருக்கிறார்கள். எல்லை தாண்டி ஓமனுக்குப் போகும் கஸப் படகுப் பயணத்தை முதலில் வெட்டுங்கள் என்று அவர் இப்போதே சொல்லிவிட்டார். காரணம் என்ன தெரியுமா? தூரம் இல்லை, விசா இல்லை. "அந்தப் படகு எப்போது திரும்பும் என்று யாருக்கும் தெரியாது." அவர் காகிதத்தில் அப்படியே எழுதியிருக்கிறார்.

அந்த இருபத்திரண்டு பேரை நான்தான் ராத்திரி எல்லையில் வரிசையில் நிறுத்தி, துபாய் விமான நிலையம் வரை கூட்டிப்போனேன். அவர்களின் தலைவரிடம் கேட்டேன், "ஏன்யா, நாலு மணிக்கே திரும்பணும்னு படிச்சுப் படிச்சுச் சொன்னேனே, வாயத் திறந்து சொல்லக்கூடாதா?" அவர் சொன்ன பதில்: "கேப்டன் சொல்லுவார்னு காத்திருந்தோம், அம்மா. அவர் அவ்வளவு அன்பா பரிமாறும்போது அவசரப்படுத்துறது மரியாதையா இருக்காதே."

அவர்களுக்கும் மரியாதை, உங்களுக்கும் மரியாதை. இரண்டு மரியாதைக்கும் நடுவே விமானம் பறந்து போய்விட்டது. நான் கத்தியது சோற்றுக்காக இல்லை. இது புரிகிறவரை நீங்கள் ஆணையோடேயே இருங்கள்.

ஸலாமா


கஸப்
3 பிப்ரவரி 2009

ஸலாமாவுக்கு,

உன் கடிதத்தை தர்வீஷ் இரண்டு முறை வாசித்தான். இரண்டாம் முறை வாசிக்கும்போது அவன் சிரித்தான். நான் சிரிக்கவில்லை.

அவர்கள் கடிகாரத்தைப் பார்த்தது எனக்குத் தெரியும். வழுக்கைத் தலைக்காரர் ஒருவர் நாலு முறை பார்த்தார். நல்ல கடிகாரம், ஆசையாய்ப் பார்த்துக்கொள்கிறார் போல என்று விட்டுவிட்டேன். சிவப்புச் சட்டைக்காரி பையை மடியில் எடுத்து வைத்துக்கொண்டாள். குளிருகிறது போல என்று ஒரு போர்வை கொடுத்தேன். வாங்கிப் போர்த்திக்கொண்டு நன்றி சொன்னாள். என்னதான் செய்வது?

உன் ஆங்கிலேயருக்கு எண் தெரியும். எனக்கு எண் தெரியாது, ஆள் தெரியும். என் படகில் ஏறிய வெளியாள் ஒருவரையும் நான் மறந்ததில்லை. காலம் கெட்டபோதெல்லாம் யார் முதலில் திரும்பி வந்தார்கள் என்று சொல்கிறேன், கேள்.

எண்ணெய் விலை விழுந்த வருஷம், என் மூத்தவன் சயீத் ராணுவத்தில் சேர்ந்த வருஷம், வெள்ளைக்காரர் கூட்டம் நின்றுபோயிற்று. அப்போது வந்தது யார்? உன் பக்கத்து ஆட்கள். லண்டனுக்கும் பெய்ரூட்டுக்கும் போகிற குடும்பங்கள், அந்த வருஷம் கையைக் கடிக்கிறது என்று காரில் வந்தார்கள். ஷார்ஜா வாத்தியார் ஒருவர் ஏழு பிள்ளைகளோடு வந்தார். நாலாவது பெண் டால்ஃபினைப் பார்த்துவிட்டு வீட்டுக்கு வரமாட்டேன் என்று கொடிமரத்தைக் கட்டிக்கொண்டாள்.

அமெரிக்காவில் அந்த இரண்டு கோபுரம் விழுந்த வருஷம், படகு அறுபத்தெட்டு நாள் கட்டிக்கிடந்தது. பிறகு வந்தது கூட்டம் இல்லை. சுவிஸ் நாட்டு அக்கா தங்கை, இரண்டே பேர். மூத்தவளுக்கு இடது கையில் மாவுக்கட்டு. ஷம் கழியில் மலைக்கு நடுவே நங்கூரம் போட்டேன். காலையிலிருந்து அசர் தொழுகை நேரம் வரை ஒரே இடத்தில் உட்கார்ந்திருந்தார்கள். வேறு இடம் காட்டட்டுமா என்று சைகையில் கேட்டேன். வேண்டாம் என்று தலையாட்டினார்கள். அந்த இளையவள் அதற்குப் பிறகு நாலு முறை வந்திருக்கிறாள், ஒவ்வொரு முறையும் வேறு வேறு ஆட்களைக் கூட்டிக்கொண்டு.

இராக்கில் சண்டை வந்த வருஷமும் இதே கதைதான். முதலில் பக்கத்து வீட்டுக்காரன் வருவான். அடுத்து தனியாள் வருவான். கூட்டம் வர மூன்றாவது குளிர்காலம் ஆகும். அதோடு இன்னொன்று. நல்ல காலத்தில் வருகிறவன் ஒரே நாளில் பத்து இடம் பார்க்க ஓடுவான். கெட்ட காலத்தில் வருகிறவன் ஒரே இடத்தில் உட்கார வருவான். கையில் காசு குறைந்தவனுக்குக் கொஞ்சம் கூடுதல் நேரம் வேண்டும், அவ்வளவுதான். ஓமனுக்கு ஆள் வருமா என்று கேட்டால் வரும் என்பேன். எந்த ஆள் என்பதைத்தான் உன் ஹோட்டல்காரர்கள் பார்க்கவேண்டும்.

யூனுஸ் நேற்றும் வந்தான். இன்ஜினைத் திறந்து காட்டச் சொன்னான். காட்டினேன்.

கல்ஃபான்


ராஸ் அல் கைமா
17 பிப்ரவரி 2009

அண்ணா,

இனி அபூ சயீத் என்று எழுதப்போவதில்லை. ஆணை உங்களுடையது, என்னுடையது இல்லை.

கடிதத்தை வாசித்ததும் வாசலில் போய்ப் பஸ் படியில் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன். பிறகு ஒரு வேலை செய்தேன். ஹோட்டல் வரவேற்பில் இருக்கும் நேபாளப் பெண் சுனிதாவிடம் அந்த இருபத்திரண்டு பேரின் கம்ப்யூட்டர் முகவரியும் இருந்தது. "அன்னைக்கு விமானம் போனதுக்கு மன்னிச்சுக்குங்க, படகு எப்படி இருந்துச்சுன்னு மட்டும் உள்ளதை உள்ளபடி சொல்லுங்க" என்று எழுதச் சொன்னேன். "அத்தே, திட்டுவாங்களே" என்றாள். "திட்டட்டும்டி, நான் திட்டுனத விடவா" என்றேன்.

பத்தொன்பது பேர் பதில் எழுதிவிட்டார்கள். நாலு பேர் திட்டியிருக்கிறார்கள், நியாயமாகவே. ஒருவர் புது டிக்கெட்டுக்கு ஆன செலவைப் பைசா சுத்தமாக எழுதிவிட்டு, கடைசி வரியில், மறுபடி எப்போது வரலாம் என்று கேட்டிருக்கிறார். உங்கள் வழுக்கைத் தலைக்காரர், அந்த மீனை எலுமிச்சை வைத்துக் கேப்டன் எப்படிச் சுட்டார் என்று கேட்கிறார். சிவப்புச் சட்டைக்காரி ஆஸ்பத்திரி நர்ஸாம். மற்றவர்களை எழுப்பியே இருபது வருஷம் போய்விட்டது, என்னை யாரும் எழுப்பாத ஒரு சாயங்காலம் அன்றைக்குத்தான் கிடைத்தது என்று எழுதியிருக்கிறாள். போர்வையை மறந்துபோய் ஜெர்மனிக்கே கொண்டுபோய்விட்டாளாம்.

பிறந்ததிலிருந்தே உங்களை அறிந்தவள் நான். நீங்கள் பரிமாறுவதைப் பார்த்துப் பார்த்து எனக்குப் பழகிவிட்டது. பழகினதால் அதன் அருமை கண்ணுக்குத் தெரியாமல் போயிற்று. இதைச் சொல்ல எனக்கு வெட்கம்தான், இருந்தாலும் எழுதிவிட்டேன்.

இரண்டு வேண்டுகோள். கூட்டத்தில் உங்கள் கடிதத்தை வாசிக்க அனுமதி வேண்டும். இன்னொன்று, நீங்கள் நாலு மணிக்கு "கிளம்பலாம்" என்ற ஒரு சொல்லைச் சொல்லப் பழகவேண்டும். ஒரே ஒரு சொல். படகு நேரத்துக்குத் திரும்பும் என்று நான் அந்த ஆங்கிலேயரின் முகத்தைப் பார்த்துச் சத்தியம் செய்தால்தான் பட்டியலில் இடம் கிடைக்கும். இல்லாவிட்டால் யூனுஸின் ஆடுகள்தான்.

உங்கள் ஸலாமா


கஸப்
1 மார்ச் 2009

ஸலாமாவுக்கு,

கடிதத்தை வாசித்துக்கொள். மீன் வாசனை இருக்கும் என்று முன்னமே சொல்லிவிடு.

அந்தச் சொல்லைச் சொல்லிப் பார்த்தேன். நம்பமாட்டாய் என்று தர்வீஷையே சாட்சிக்குப் படகில் ஏற்றினேன். புதன்கிழமை ஹாலந்து நாட்டுப் புருஷன் பெண்டாட்டி வந்தார்கள். காலையிலிருந்து தொண்டைக்குள்ளேயே சொல்லிச் சொல்லிப் பார்த்துக்கொண்டேன். நாலு மணி ஆனது. தர்வீஷ் என் விலாவில் இடித்தான். "சொல்லுங்க பெரியவரே." வாயைத் திறந்தேன். "இன்னும் கொஞ்சம் பேரீச்சம்பழம்?" என்றுதான் வந்தது. அவன் மறுபடி இடித்தான். "காப்பி?" என்று வந்தது.

சரி, சொல்லாமலே திருப்பலாம் என்று அவர்கள் தின்றுகொண்டிருக்கும்போதே நங்கூரத்தை மெல்லத் தூக்கினேன். அந்த அம்மாள் நிமிர்ந்து, இன்னும் நல்ல இடத்துக்குப் போகிறோமா என்று கண்ணை விரித்துக் கேட்டாள். அந்த முகத்தைப் பார்த்தபின் என்ன செய்வது? இன்னும் நல்ல இடத்துக்கே கொண்டுபோனேன். இருட்டித்தான் கரை சேர்ந்தோம். தர்வீஷின் பம்பைத் திறக்க ஆளில்லாமல் ஆறு படகு காத்துக்கிடந்தது. அவனை ஊரே வைதது. அதை அவன் இப்போது அழுத்தி எழுதுகிறான்.

எனவே உன் சத்தியத்தை என்னை நம்பிச் செய்யாதே. என்னால் ஆகாது. எழுபத்து மூன்று வயசு நாக்கு, அது வளையாது. உன்னைப்போல் எனக்கு வராது. உனக்கு நாற்பத்திரண்டு வயசில் புருஷன் இறந்துபோனான். முதியோர் வகுப்புக்குப் போய் எழுத்தைப் படித்தாய். டிரைவர் ஓடிப்போன மாசம் நீயே பஸ்ஸை ஓட்டிக்கொண்டு திபாத் எல்லை மலைப் பாதை வழியாகத் துறைக்கே வந்து நின்றாய். அன்றைக்கு நம் ஆட்கள் துறையில் நின்று வாயைப் பொத்திக்கொண்டு பார்த்தார்கள். உள்ளே எனக்கு மார்பு இவ்வளவு அகலம் ஆகிவிட்டது. இதையும் ஆணை இட்டபிறகுதான் சொல்ல முடிகிறது பார்.

அவசரம் எல்லாம் அந்த எல்லை வரிசையாலும் உன் ஹோட்டல் ராத்திரிச் சாப்பாட்டாலும் வருகிறது. அவர்கள் ராத்திரி இங்கேயே மணலில் படுத்துவிட்டால் யார் யாரை எழுப்பவேண்டும்? காலையில் வெயில் முகத்தில் அடித்தால் தானே எழுந்து போவான். வெயிலுக்கு மரியாதை கிடையாது. சும்மா சொன்னேன்.

யூனுஸுக்கு இந்த மாசம் முடிவதற்குள் பதில் சொல்லவேண்டும்.

கல்ஃபான்


ராஸ் அல் கைமா
16 மார்ச் 2009

அண்ணா,

கூட்டம் நேற்று முடிந்தது. நடந்ததை ஒன்றும் கூட்டாமல் குறைக்காமல் எழுதுகிறேன்.

ஆங்கிலேயர் சுவரில் படம் காட்டினார். எல்லாக் கோடும் வலது பக்கம் சரிந்து இறங்கியது. அடுத்த குளிர்காலம் பாதி அறை நிரம்பினால் அதிர்ஷ்டம், 2011 வரை ஐரோப்பாக் கூட்டத்தை எதிர்பார்க்காதீர்கள் என்றார். எனக்குச் சிரிப்பு வந்தது. மூன்றாவது குளிர்காலம் என்று நீங்கள் சொன்னதைத்தான் அவர் இத்தனை கோடு போட்டுச் சொன்னார்.

பிறகு, கஸப் பகல் பயணத்தை வெட்டலாம் என்றார். நான் எழுந்தேன். உங்கள் கடிதங்களைக் கையில் எடுத்துக்கொண்டேன். "வெட்டுங்க" என்றேன். என் பக்கத்தில் இருந்தவரே திரும்பிப் பார்த்தார். "பகல் பயணத்த வெட்டுங்க. எங்க அண்ணன் நேரத்துக்குத் திரும்பமாட்டாரு. அவரால முடியாது, நான் பொய்ச் சத்தியம் பண்ணமாட்டேன். ஆனா இதக் கேட்டுட்டு வெட்டுங்க." உங்கள் கடைசி இரண்டு கடிதத்தையும் வாசித்தேன். பேரீச்சம்பழம் வந்தபோது மொத்தக் கூட்டமும் சிரித்தது. ஆங்கிலேயரும் சிரித்தார், நெக்டையைத் தளர்த்திக்கொண்டு. ஜெர்மன்காரர்களின் பதிலையும் வாசித்தேன், திட்டிய நாலையும் சேர்த்து.

கடற்கரை ஹோட்டல் வைத்திருக்கும் லெபனான்காரர் நதீம் கேட்டார், "அம்மா, அப்ப நீங்க என்னதான் விக்கிறீங்க?"

"திரும்புற நேரம் இல்லாத பயணம். ஒரு பகல், ஒரு ராத்திரி. மணல்ல படுக்கை. எழுப்ப ஆள் கிடையாது. மறுநாள் எப்ப போகணும்னு விருந்தாளியே சொல்லட்டும், சொல்லணும்னு நான் பஸ்ஸிலேயே பாடம் எடுத்துடுறேன்" என்றேன்.

"காலம் கெட்டுக்கிடக்கு, நீங்க நேரத்த அள்ளிக் குடுக்குறேங்கிறீங்க."

"கெட்ட காலத்துல நம்மகிட்ட மிச்சம் இருக்குறது அதுதானே, ஐயா."

ஆங்கிலேயர் தன் காகிதத்தைப் புரட்டினார். வருகிறவர் எண்ணிக்கை குறையும், தங்கும் நாள் கூடினால் தப்பிக்கலாம் என்று தன்னுடைய பதினோராவது பக்கத்திலும் இருக்கிறது, ஆனால் அது கிழவர் சொன்ன அளவுக்குப் புரியும்படி இல்லை என்றார். நல்ல மனிதர்.

முடிவு இதுதான். பகல் பயணம் போய்விட்டது. இரவு தங்கும் பயணம், வாரத்துக்கு ஒரு பஸ், அக்டோபரிலிருந்து ஜனவரி வரை சோதனைக்கு. முதலில் உள்ளூர்க் குடும்பங்களுக்குச் சொல்லப்போகிறார்கள். ஓடவில்லை என்றால் பிப்ரவரியில் அதையும் எடுத்துவிடுவார்கள். பெரிய வெற்றி இல்லை, அண்ணா. வாரம் ஒரு பஸ்தான். யூனுஸ் அதைவிட உறுதியான ஆள். படகு உங்களுடையது. எது செய்தாலும் நான் ஒன்றும் சொல்லமாட்டேன்.

ஸலாமா


கஸப்
21 மார்ச் 2009

ஸலாமாவுக்கு,

யூனுஸிடம் இல்லை என்று சொல்லிவிட்டேன். "வாரத்துக்கு ஒரு பஸ்ஸ நம்பியா, சாச்சா?" என்றான். "பஸ்ஸ நம்பி இல்லடா, அத ஓட்டுறவள நம்பி" என்றேன். தலையைச் சொறிந்துகொண்டு போனான்.

அடுத்து ஆணை. இமாமிடம் போனேன். ஆணையை முறிப்பதென்றால் பத்து ஏழைகளுக்கு வயிறாரச் சோறு போடவேண்டும் என்றார். அது ஒரு காரியமா என்று நினைத்தேன். பெரிய காரியமாகிவிட்டது. இந்த ஊரில் தான் ஏழை என்று ஒப்புக்கொள்ள ஒருத்தன்கூட இல்லை! படகு கட்டிக்கிடந்து அடுப்பு அணைந்த வீட்டுக்காரன்கூட, "ஏழை பந்திக்கா? என்னயவா கூப்புடுற?" என்று கைத்தடிக் கோடாலியைத் தூக்கிக்கொண்டு சண்டைக்கு வருகிறான். இரண்டு நாள் அலைந்தேன். கடைசியில் ஆட்டை இறக்கிவிட்டு, கடல் அடங்கட்டும் என்று துறையில் காத்துக்கிடந்த ஈரான் பையன்களிடம் கேட்டேன். "ஏழையா நாங்க? சந்தேகமே வேணாம் சாச்சா, எங்க உக்காரணும்?" என்று ஒன்பது பேர் வந்தார்கள். பத்தாவது ஆள் யூனுஸ். படகு கிடைக்காததால் இன்றைக்குத் தானும் ஏழைதான் என்றான்.

என் படகிலேயே உட்காரவைத்தேன். இரண்டு கிடா, ஒரு அண்டா சோறு. அவர்கள் சாப்பிட்டு முடித்துக் கடல் அடங்கியபின்னும் அசையாமல் இருந்தார்கள். நான் பழம் வைத்துக்கொண்டே இருந்தேன். அப்புறம் யூனுஸ்தான் எழுந்து, "டேய், நாம எந்திரிக்கலன்னா இந்த மனுஷன் பெருநாள் வரைக்கும் பரிமாறுவாரு, வாங்கடா" என்று இழுத்துக்கொண்டு போனான். அவனை வேலைக்கு வைத்துக்கொண்டால் என்ன என்றுகூட ஒரு நிமிஷம் தோன்றியது.

ஆணை முறிந்துவிட்டது. இந்தக் கடிதமும் இதோடு போதும். தர்வீஷுக்குக் கை வலிக்கிறது, அவன் எழுத்துக்கு என்னிடம் டீசல் விலையைவிட அதிகம் கேட்கிறான்.

வெள்ளிக்கிழமை ஜும்ஆ தொழுதுவிட்டு வீட்டில் இருப்பேன். போன் செய். எடுத்துப் பேசுவேன். அக்டோபருக்கு எத்தனை பாய் வேண்டும், எத்தனை போர்வை வேண்டும் என்று பேச நிறைய இருக்கிறது. ஒன்று மட்டும் சொல்லிவிடுகிறேன். பேசி முடித்ததும் போனை நீதான் வைக்கவேண்டும். நான் வைக்கமாட்டேன்.

கல்ஃபான்